தீராத வயிற்று வலியும் மூளையும்

கெட்ட செய்தி வந்தால், “வயிற்றில் புளியைக் கரைத்தது” என்கிறோம். நல்ல செய்தி கொண்டு வருபவரை, “வயிற்றில் பாலை வார்த்தீர்கள்” என்று வாழ்த்துகிறோம். பிறர் வாழக் கண்டு பொறுக்காதவனுக்கு வயிற்றெரிச்சல்காரன் என்று பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், “பெற்ற வயிறு பற்றி எரிகிறதே!” என்று கதறுகிறாள். பயம், ஆறுதல், பொறாமை, துக்கம் ஆகிய நான்கையும் நம் தாய்மொழி வயிற்றிலேயே குடியேற்றியிருக்கிறது. உள்ளத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவை நம் பாட்டிமார்கள் எந்தச் சர்வகலாசாலைக்கும் போகாமலே அறிந்திருந்தார்கள்.

இவ்வளவு அறிந்த நாம், வீட்டில் ஒருவருக்குத் தீராத வயிற்று வலி வந்து விட்டால் மட்டும் அந்த அறிவை மறந்து விடுகிறோம். மாதக் கணக்காக வலி. ஒரு நாள் பேதி, மறுநாள் மலச்சிக்கல். சாப்பிட்டவுடன் வயிறு உப்புசம். டாக்டரிடம் போகிறோம். ரத்தப் பரிசோதனை நடக்கிறது, குழாய் விட்டுப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். “பயப்படும்படி ஒன்றுமில்லை” என்று டாக்டர் சொல்லுகிறார். புண்ணில்லை, கட்டியில்லை என்ற நல்ல அர்த்தத்தில்தான் அவர் சொல்லுகிறார். ஆனால் அந்த ‘ஒன்றுமில்லை’ வீட்டு வாசற்படி ஏறியதும் வேறு அர்த்தம் பெற்று விடுகிறது. நோயாளி மருமகளாயிருந்தால், “அடுப்பங்கரை வேலைக்குப் பயந்து வருகிற வலி” என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பையனாயிருந்தால், “பரீட்சை வந்தால் இவனுக்கு வயிற்று வலியும் வந்து விடும்” என்று சிரிக்கிறார்கள். உத்தியோகஸ்தராயிருந்தால், “எல்லாம் மனப்பிராந்திதான், ஐயா!” என்று நண்பர்கள் முதுகில் தட்டுகிறார்கள். வலியோடு வலியாக, பொய்யர் என்ற பட்டமும் நோயாளிக்குச் சேர்ந்து விடுகிறது.

இந்தப் பட்டம் அநியாயமானது என்பதற்குச் சென்ற சில ஆண்டுகளில் சாஸ்திரம் தக்க சாட்சியங்களைச் சேகரித்திருக்கிறது. அவற்றுள் ஒன்று சாதாரணமாக யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து, அதாவது நோயாளிகளின் மூளையைப் பிடித்த படங்களிலிருந்து கிடைத்திருக்கிறது. அதைப் பற்றியே இங்கு விவரிக்க விரும்புகிறோம்.

வயிற்றில் ஒரு ஜன்னல்

வயிறும் மனமும் ஒன்றையொன்று பாதிப்பதை முதன்முதலில் கண்ணாரக் கண்டு எழுதி வைத்தவர்களில் ஒருவர், அமெரிக்க ராணுவ வைத்தியரான வில்லியம் போமான்ட். 1822-ம் வருஷம் ஜூன் மாதம் 6-ந் தேதி, மேக்கினா என்ற தீவில் அலெக்ஸி செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனின் மேல் ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. பிழைக்க மாட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் பிழைத்துக் கொண்டான். ஆனால் இரைப்பைக்குள் போகும் துவாரம் ஒன்று மூடாமலே நின்று விட்டது. போமான்ட் பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அந்தத் துவாரத்தின் வழியே உள்ளே விட்டு, அவை எவ்வளவு நேரத்தில் கரைகின்றன என்று பல ஆண்டுகள் கவனித்தார். அவர் 1833-ல் வெளியிட்ட நூல் ஜீரண சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயிற்று. கோபம் முதலிய உணர்ச்சிகள் ஜீரணத்தைக் குலைக்கின்றன என்பதையும் அவர் அதில் குறித்திருக்கிறார். தன் வயிற்றுக்குள் எந்நேரமும் ஒருவர் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது!

அந்த நூற்றாண்டின் இறுதியில் ஹார்வர்டு கலாசாலையில் வால்ட்டர் கானன் என்பவர், அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த எக்ஸ்-ரே கதிரின் உதவியால் பூனைகளின் இரைப்பை அசைவதைப் பார்த்துக் கொண்டிருந்தார். பூனை சாந்தமாயிருந்த வரையில் அலை அலையாக அசைந்து கொண்டிருந்த இரைப்பை, அது மிரண்டவுடன் சட்டென்று நின்று போயிற்று. அது மறுபடி அமைதியடைந்ததும் அசைவும் திரும்பியது. 1898-ல் இதை அவர் பிரசுரித்தார். பரீட்சை மண்டபத்தின் வாசலில் நிற்கும் பையனுக்கு வயிறு கலங்குவது பாசாங்கு அல்ல என்பதற்கு ஒரு பூனை சாட்சி சொல்லி நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

குடலுக்கும் நரம்பு உண்டு

குடலை வெறும் குழாய் என்று நினைப்பது தவறு. அதன் சுவர்களுக்குள் 10 கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் வலை பின்னியிருக்கின்றன. 1899-ல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரு நிபுணர்கள், வெளியிலிருந்து குடலுக்கு வரும் நரம்புகளை அறுத்த பிறகும் அது தன்னுள்ளிருக்கும் பொருளை முறைப்படி முன்னே தள்ளுகிறது என்று காட்டினார்கள். தலைநகரத்துத் தந்திக்குக் காத்திராமல் உள்ளூர்க் காரியங்களைத் தானே நடத்திக் கொள்ளும் பஞ்சாயத்தைப் போன்றது குடல். இந்தக் காரணத்தால் அதை ‘இரண்டாவது மூளை’ என்று சிலர் அழைப்பதுண்டு.

ஆனால் பஞ்சாயத்துக்கும் தலைநகரத்துக்கும் கடிதப் போக்குவரத்து இல்லாமலில்லை. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு வயிறு வரையில் இறங்கும் வேகஸ் என்ற பெரிய நரம்பு அந்தத் தபால் பாதைகளில் முக்கியமானது. மூளை உத்தரவு போடுகிறது, வயிறு கீழ்ப்படிகிறது என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையோ வேறு. அந்த நரம்பின் இழைகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, கீழேயிருந்து மேலே செய்தி கொண்டு போகின்றன. வயிறு கேட்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். மனநிலையோடு சம்பந்தப்பட்ட செரோடோனின் என்ற ரசாயனப் பொருளில் பத்தில் ஒன்பது பங்கு, மூளையில் அல்ல, குடலிலேயே இருக்கிறது.

சீறும் குடல்

தீராத ஜீரணக் கோளாறுகளில் மிகப் பரவலானவற்றுள் ஒன்றை மேனாட்டு வைத்தியர்கள் ‘இர்ரிடபிள் பவல் ஸிண்ட்ரோம்’ என்று அழைக்கிறார்கள். சுருக்கப் பெயர் ஐ.பி.எஸ். தமிழில் எழுதும்போது இந்த வியாதிக்கும் போலீஸ் உத்தியோகத்துக்கும் ஓர் எழுத்துக் கூட வித்தியாசமில்லாமல் போய் விடுவதால், நாம் இதைச் ‘சீறும் குடல்’ என்று அழைப்போம். 2016-ல் நிபுணர் குழு ஒன்று வகுத்த ‘ரோம்’ விதிகளின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலங்கழித்தல், மலம் போகும் தடவையில் ஏற்படும் மாறுதல், மலத்தின் தன்மையில் ஏற்படும் மாறுதல் ஆகிய மூன்றில் இரண்டோடாவது அந்த வலி சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். இத்தகைய நோய்களுக்கு, ‘குடலுக்கும் மூளைக்கும் இடையேயுள்ள போக்குவரத்துக் கோளாறுகள்’ என்ற பொருள்படும் பெயரையும் அந்தக் குழு சூட்டியது.

இவை எங்கோ ஒருவருக்கு வரும் வியாதிகளல்ல. இந்தியா உட்பட 33 தேசங்களில் 73,076 பேரை விசாரித்து 2021-ல் வெளியான அறிக்கையில், இன்டர்நெட் வழியே பதில் சொன்னவர்களில் 100-க்கு 40 பேருக்கு மேலும், வீடு வீடாகச் சென்று கேட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கும் இவ்வகைக் கோளாறுகளில் ஏதேனும் ஒன்று இருந்தது. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் அவதிப்படுகிறார்கள்.

இவர்கள் வலியை மிகைப்படுத்துகிறார்களா? 1973-ல் பிரிட்டனில் ஒரு வைத்தியர் இதைச் சோதித்தார். பெருங்குடலின் கீழ்ப் பகுதியில் சிறு ரப்பர் பலூனை வைத்து ஒரே அளவு காற்றை ஊதினார். சுகதேகிகளில் மிகச் சிலருக்கே வலித்தது. சீறும் குடல் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வலித்தது. ஒலி ஒன்றுதான், கேட்கும் கருவியில்தான் வித்தியாசம். அந்த வித்தியாசம் குடலிலா, மூளையிலா என்பதே அடுத்த கேள்வி.

மூளையின் படங்கள்

கத்தி படாமல், கதிர் வீச்சும் இல்லாமல், காந்த சக்தியால் மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரம் வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பது சாத்தியமாயிற்று. மூளையின் மேற்புறத்திலும் உள்ளே சில முடிச்சுகளிலும் நரம்பணுக்கள் நெருங்கியிருக்கும் பகுதிக்குச் சாம்பல் பொருள் என்று பெயர். அதன் கனத்தையும் அடர்த்தியையும் படத்திலிருந்து கணக்கிடலாம்.

2008-ல் கனடாவிலுள்ள டொரன்டோவில், சீறும் குடல் உள்ள சிலரின் மூளையில், வலியையும் கவனத்தையும் கையாளும் சிங்குலேட் என்ற மடிப்பின் ஒரு பகுதி மெலிந்திருப்பதைக் கண்டார்கள். 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸ், மான்ட்ரியால் நகரங்களின் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து 55 நோயாளிகளையும் 48 சுகதேகிகளையும் ஒப்பிட்டார்கள். நோயாளிகளிடத்தில், நெற்றிக்குப் பின்னேயிருந்து உணர்ச்சிகளை அடக்கியாளும் பகுதிகளிலும், உடலின் செய்திகளெல்லாம் வந்து பிரியும் ஜங்ஷனான தாலமஸிலும் சாம்பல் பொருளின் அடர்த்தி குறைந்திருந்தது. வேறு சில பகுதிகளில் கூடியிருந்தது. நோயாளிகளின் கவலையையும் மனச்சோர்வையும் கணக்கில் கழித்துப் பார்த்தபோது, உணர்ச்சி சம்பந்தமான சில பகுதிகளின் வித்தியாசம் மறைந்து விட்டது. நெற்றிப் பகுதியின் வித்தியாசமோ நிலைத்து நின்றது. ஆகவே, “எல்லாம் கவலையால் வந்தது” என்று ஒரே வார்த்தையில் தீர்த்து விட இடமில்லை.

2014-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களை மட்டும் எடுத்துக் கொண்டு, 82 நோயாளிகளை 119 சுகதேகிகளோடு ஒப்பிட்டார்கள். பயத்தோடு சம்பந்தப்பட்ட அமிக்டலா முதலிய பல பகுதிகள் நோயாளிகளிடத்தில் சிறுத்திருந்தன. உடலின் ஸ்பரிசத்தை உணரும் ஒரு பகுதி மட்டும் பெருத்திருந்தது. இதில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குழந்தைப் பருவத்தில் அப்பெண்கள் பட்ட துன்பங்களைக் கணக்கில் சேர்த்தபோது, மேற்கண்ட வித்தியாசங்களில் பெரும்பாலானவை மங்கி விட்டன. வளர்ந்தவளின் வயிற்று வலிக்குச் சிறுமியாயிருந்தபோது பட்ட அடியும் வசையும் ஒரு பங்குதாரராக இருக்கக் கூடும் என்பதையே இது குறிப்பிடுகிறது.

சீறும் குடலில் மட்டுமல்ல. குடலில் கண்ணுக்குத் தெரியும் புண்ணையே உண்டாக்கும் கிரோன் வியாதியிலும், அது தணிந்திருந்த சமயத்தில் எடுத்த படங்களில் சாம்பல் பொருள் சில இடங்களில் குறைந்திருந்ததை இத்தாலியர்கள் 2013-ல் எழுதினார்கள். நாட்பட்ட கணைய அழற்சியிலும் மூளையின் மேற்பட்டை மெலிவதை டென்மார்க் தேசத்தார் 2012-ல் கண்டார்கள். ‘மனப்பிராந்தி’ என்று யாராலும் சொல்ல முடியாத நோய்களிலும் மூளை மாறியிருக்கிறதென்றால், மூளையின் மாறுதல் மனப்பிராந்திக்கு அத்தாட்சி ஆகாதன்றோ?

வித்து முந்தியா, மரம் முந்தியா?

இங்கே நேயர்கள் ஒரு சந்தேகம் எழுப்பலாம். மூளை இப்படி இருந்ததால் வயிற்று வலி வந்ததா? வயிற்று வலி நீடித்ததால் மூளை இப்படி ஆயிற்றா? ஒரு தடவை எடுத்த படம் இதற்குப் பதில் சொல்லாது. ஆனால் வேறு மூன்று இடங்களிலிருந்து வெளிச்சம் கிடைக்கிறது.

முதலாவது, இடுப்பு மூட்டு. ஜெர்மனியில் மூட்டுத் தேய்ந்து நெடுநாள் வலியால் வருந்தியவர்களின் மூளையிலும் சாம்பல் பொருள் குறைந்திருந்தது. ரண சிகிச்சை செய்து செயற்கை மூட்டுப் பொருத்தி வலி நீங்கிய பின், குறைந்திருந்த இடங்களில் அது மறுபடி கூடியது. 2009-ல் வெளியான இந்த ஆராய்ச்சி, மூளையின் மாறுதல் வலியின் விளைவாக இருக்கலாம் என்றும், அது திரும்பக் கூடியது என்றும் காட்டுகிறது. இது மூட்டு வலியைப் பற்றியதே என்றாலும், வயிற்று வலிக்காரருக்கும் நம்பிக்கை தரும் செய்தி.

இரண்டாவது, ஒரு சிற்றூரின் குடிதண்ணீர். 2000-ம் வருஷம் மே மாதத்தில் கனடாவிலுள்ள வாக்கர்டன் என்ற ஊரில் குடிதண்ணீரில் கிருமிகள் கலந்தன. 2,300 பேருக்கு மேல் பேதியால் பீடிக்கப்பட்டார்கள். 7 பேர் இறந்தார்கள். அவ்வூர் ஜனங்களைத் தொடர்ந்து கவனித்ததில், பேதி உறுதிப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களுக்குச் சீறும் குடல் ஏற்பட்டது. பேதி வராதவர்களிலோ பத்தில் ஒருவருக்குத்தான் அது இருந்தது. இங்கே வியாதி குடலிலிருந்து புறப்பட்டதில் சந்தேகமேயில்லை.

மூன்றாவது, ஆஸ்திரேலியாவில் 12 வருஷம் நடந்து 2012-ல் வெளியான ஒரு விசாரணை. முதலில் மனக்கவலை இருந்தவர்களுக்குப் பின்னர் வயிற்றுக் கோளாறு வருவது அதிகமாயிருந்தது. அதுபோலவே முதலில் வயிற்றுக் கோளாறு மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னர் கவலையும் மனச்சோர்வும் வருவது அதிகமாயிருந்தது. ஆகவே பாதை இருவழிப் பாதை. சிலருக்கு மேலேயிருந்து இறங்குகிறது; சிலருக்குக் கீழேயிருந்து ஏறுகிறது.

அவசர முடிவு வேண்டாம்

இவ்வளவும் கேட்டு விட்டு, “அப்படியானால் வயிற்று வலிக்கு மூளையைப் படம் பிடித்துப் பார்த்து விடலாமே” என்று யாரும் கிளம்ப வேண்டாம். மேற்கண்ட வித்தியாசங்கள் பலருடைய படங்களின் சராசரியை ஒப்பிட்டுக் கண்டவை. தனி ஒருவரின் படத்தைப் பார்த்து, இவருக்கு இந்த வியாதி என்று சொல்ல முடியாது. ஆராய்ச்சிகளில் பல சிறியவை. ஒன்றில் கண்ட பகுதி மற்றொன்றில் காணப்படாததும் உண்டு. மூளை ‘கெட்டு விட்டது’ என்று அர்த்தம் செய்து கொள்வதும் தவறு. அறிவுக் கூர்மைக்கும் இதற்கும் முடிச்சுப் போடக் கூடாது.

மனத்தின் மேல் பழி போட்டு ஏமாந்த சரித்திரம் வைத்தியத்தில் உண்டு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர், பெரும்பாலான புண்களுக்கு ஒரு நுண்கிருமியே காரணம் என்றார்கள். நம்பாதவர்களுக்காக மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் கொண்டார்! 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

செய்ய வேண்டியது என்ன?

பாதை இருவழிப் பாதையாதலால் சிகிச்சையும் இரு முனையிலும் செய்யப்படுகிறது. கீழ் முனையில், குடலில் எளிதில் புளித்து வாயுவாகும் மாவுச் சத்துக்களைச் சில வாரம் குறைத்துப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பத்தியம் ஒன்றை ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையார் வகுத்தார்கள். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், சில பருப்பு வகைகள் அதில் குறைக்கப்படுகின்றன. வெங்காயச் சாம்பார் இல்லாத வாழ்வு கொடிதுதான். எனினும் இது ஆயுள் முழுவதற்குமான விரதமல்ல. தகுந்தவரின் ஆலோசனையோடு செய்ய வேண்டியது. மேல் முனையில், 1984-ல் மான்செஸ்டரில் மனோவசியச் சிகிச்சை நல்ல பலன் தந்தது. 2019-ல் பிரிட்டனில் 558 நோயாளிகளைக் கொண்டு நடத்திய பரிசோதனையில், எண்ணங்களையும் பழக்கங்களையும் சீர்ப்படுத்தும் பேச்சுச் சிகிச்சை, டெலிபோன் மூலமாகவும் இன்டர்நெட் மூலமாகவும் அளித்தபோதே குணம் தந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் என்ற மருந்தை மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் சீறும் குடல் தணிகிறது என்று, 463 பேரைக் கொண்டு நடந்த மற்றொரு பரிசோதனை 2023-ல் தெரிவித்தது. டாக்டர் அதை எழுதிக் கொடுத்தால், “என்னைப் பைத்தியம் என்று நினைத்தீர்களோ?” என்று கோபிக்க வேண்டியதில்லை. அது குடலுக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தந்திக் கம்பியைச் சாந்தப்படுத்துவதற்காக. டாக்டர் சொல்லாமல் தாமாக அதை வாங்கி உண்ணவும் கூடாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமின்றி உடல் இளைத்தல், ரத்த சோகை, விடாத காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தோன்றிய கோளாறு, குடும்பத்தில் குடற்புற்று வந்த வரலாறு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால், ‘இது சீறும் குடல்தான்’ என்று வீட்டிலேயே தீர்மானித்து விடாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டாரின் பங்கும் சிறிதல்ல. வலி என்று சொல்லுகிறவரைக் குறுக்கு விசாரணை செய்யாதிருப்பது செலவில்லாத வைத்தியம். எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை நேரங்கடந்து உண்ணும் பழக்கத்திலிருந்து நம் பெண்மணிகளை விடுவிக்க வேண்டும். கழிப்பிடம் கிட்டாது என்ற பயத்தால் வெளியூர்ப் பிரயாணத்தையும், கல்யாணங்காட்சியையும், சில சமயம் உத்தியோகத்தையும் விட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சுத்தமான கழிப்பிடம் பஸ் நிலையத்திலும் காரியாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கச் செய்வது, மருந்துக் கடை திறப்பதற்குச் சற்றும் குறையாத தேச சேவை. வகுப்பில் எழுந்து நின்று வெளியே போக உத்தரவு கேட்கும் பிள்ளையை, “மணி அடிக்கட்டும்” என்று உட்கார வைக்காதிருப்பது எம்மைப் போன்ற உபாத்தியாயர்கள் நாளைக் காலையிலேயே தொடங்கக் கூடிய காரியம்.